தாரா என்ற செருப்பைத் தாரா வாங்கலாமா?

தாரா, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கிண்டல் சிரிப்பு இல்லை. எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது, அதற்கு வருகிறேன். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் 'தாரா' என்று பெயர் போட்ட தோல் செருப்பு, விலை ஆறாயிரத்துச் சொச்சம். பார்த்த நாளிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது, வீட்டுக்காரர் கேலி செய்கிறார். செருப்புக்கு எதற்கு மனுஷி பெயர், பெயருக்காக ஒரு பொருளை வாங்கினால் அது அசட்டுத்தனமா என்று கேட்கிறீர்கள். கூடவே, நீங்கள் தைக்கும் ரவிக்கைகளை உங்கள் பெயரிலேயே விற்கலாமா என்றும் ஒரு வரி. ஆம்பூர்ப் பக்கம் ஷூ ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் இருபது வருடத்துக்கு மேல் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டரைச் சரக்கு கப்பல் ஏறும் வரை பார்த்துக்கொள்கிறவனாக, குப்பை கொட்டியவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஐரோப்பாவிலிருந்து பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்காரர், ஒரு மாடல் அனுப்பும்போது அதற்கு நீளமாக ஓர் ஆர்ட்டிகிள் நம்பர் இருக்கும். தோல் வெட்டும் இடத்திலிருந்து பேக்கிங் வரை அந்த எண்ணைச் சொல்லி வேலை வாங்கினால் எங்கேயாவது ஓர் இலக்கம் புரண்டுவிடும். அப்புறம் கறுப்பு கேட்டவனுக்குப் பழுப்பு போகும். அதனால்தான் பெயர். கடையில் வாங்குகிறவருக்கு அது அழகு, எங்களுக்கு அது கைப்பிடி. எங்கள் லைனில் ஒரு நாள் பேச்சைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

"எம்மாவுக்கு வாய் பிளக்குது சார்."

"கிளாராவுக்குக் குதிகால் ஆடுது, திருப்பி அனுப்பிட்டாங்க."

"சோஃபி வெள்ளிக்கிழமை கப்பல் ஏறணும், இன்னும் நாக்கே வரல."

நாக்கு என்பது லேஸுக்கு அடியில் இருக்குமே, அந்தத் தோல் துண்டு. புதிதாகச் சேர்ந்த அக்கவுண்ட்ஸ் பையன் ஒருவன் முதல் நாள் இதையெல்லாம் கேட்டு முகம் வெளுத்துப்போனான்.

பெயரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. எங்களுக்கு ஆர்டர் கொடுத்த ஒரு பையர் ஒவ்வொரு சீசனுக்கும் ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டு போனார். ஒரு கோடைக்கு எல்லாம் 'எல்'லில் ஆரம்பம்: லாரா, லீனா, லூசி. இன்னொருவர் தன் டிசைன் அறையில் வேலை பார்த்த பெண்களின் பெயர்களை வைத்தே இரண்டு வருடம் ஓட்டினார். ஆகவே உங்கள் 'தாரா' நம் தாராவாக இருக்க வாய்ப்பு குறைவு. அயர்லாந்தில் மீத் மாவட்டத்தில் தாரா என்று ஒரு குன்று உண்டு, பழங்கால அயர்லாந்து அரசர்களோடு சேர்த்துப் பேசப்படும் இடம். அதிலிருந்து வந்து ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவிய பெண் பெயர் அது. நமக்குத் தாரா என்றால் வானத்து நட்சத்திரம். யாழ்ப்பாணத்துக்காரரிடம் சொன்னால் வாத்து என்பார். ஒலி ஒன்று, ஊர் வேறு.

அப்படியானால் உங்களுக்கு ஏன் மனசு அடித்துக்கொள்கிறது? அதற்கு ஒரு விளக்கம் உண்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழோசெஃப் நூட்டின் என்ற உளவியலாளர் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எழுத்துகளைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டால், ஆட்கள் தங்கள் பெயரில் வரும் எழுத்துகளையே கூடுதலாக விரும்புகிறார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. இதை வேறு பல மொழிகளிலும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், நிற்கிறது. பிறகு 2002-இல் அமெரிக்காவில் சிலர் ஒரு படி மேலே போய், டெனிஸ் என்று பெயர் உள்ளவர்கள் டென்டிஸ்ட் ஆவது அதிகம் என்கிற அளவுக்கு எழுதினார்கள். 2011-இல் யூரி சைமன்சன் அந்தக் கணக்குகளைக் கிண்டிப் பார்த்து, அவை வேறு காரணங்களால் வரும் மாயத் தோற்றம் என்று காட்டினார். என் அபிப்பிராயமும் அதுதான்: பெயர் கண்ணை இழுக்கும், வாழ்க்கையை இழுக்காது. ஆறாயிரம் ரூபாயை இழுக்குமா என்பது உங்கள் கையில்.

ஆனால் பெயருக்குப் பின்னால் நிஜமாகவே ஓர் ஆள் இருக்கிற காலணிகளும் உண்டு. அந்தக் கதைகள்தான் எனக்குப் பிடித்தவை.

ஸ்டான் ஸ்மித் என்று வெள்ளை டென்னிஸ் ஷூ ஒன்று பார்த்திருப்பீர்கள், குதிகாலில் பச்சை. ஸ்டான் ஸ்மித் அமெரிக்க டென்னிஸ்காரர்; 1971-இல் அமெரிக்க ஓப்பன், 1972-இல் விம்பிள்டன் ஜெயித்தவர். ஆனால் அடிடாஸ் அந்த ஷூவை 1960-களில் செய்தபோது அது வேறொருவர் பெயரில் இருந்தது. ராபர்ட் ஐயே என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர். அவர் ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்காவில் விற்க ஓர் அமெரிக்க முகம் வேண்டியிருந்தது, ஸ்மித்தைப் பிடித்தார்கள். நடுவில் கொஞ்ச காலம் ஷூவில் ஐயேயின் பெயரும் ஸ்மித்தின் படமும் சேர்ந்தே இருந்தன. வாடகை வீட்டில் பழைய குடித்தனக்காரரின் பெயர்ப்பலகையைக் கழற்றாமலே புதியவர் குடிவந்த மாதிரி. 1978-இல்தான் பெயர் முழுக்க ஸ்மித்துக்கு வந்தது. இன்றைக்கு அந்த ஷூ போடுகிற பிள்ளைகள் பலருக்கு அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்பதே தெரியாது. 2018-இல் வந்த தன் புத்தகத்தின் தலைப்பிலேயே அவர் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்: சிலர் என்னை ஒரு ஷூ என்றே நினைக்கிறார்கள் என்று.

சக் டெய்லர் அப்படியும் இல்லை. கான்வர்ஸ் கம்பெனியின் கூடைப்பந்து ஷூ 1917-இலேயே வந்துவிட்டது. அவர் 1920-களில் அங்கே சேர்ந்த விற்பனையாளர். காரில் ஷூக்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடங்களில் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து, அப்படியே ஷூவும் விற்றார். 1930-களில் கணுக்காலில் இருக்கும் வட்டத்தில் அவர் கையெழுத்தைச் சேர்த்தார்கள். நடிகர் இல்லை, சாம்பியன் இல்லை, சேல்ஸ்மேன். அவர் பெயர் ஏறிய ஷூ இன்றும் எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒரு மெர்ச்சண்டைசருக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி இருக்க முடியாது.

அடிடாஸ் என்பதே ஆள் பெயர்தான். ஜெர்மனியில் ஹெர்ட்ஸோகனாவுராக் என்ற சின்ன ஊரில் அண்ணன் ருடால்ஃப் டாஸ்லர், தம்பி அடால்ஃப் டாஸ்லர் இருவரும் சேர்ந்து ஷூ செய்தார்கள். பங்காளிச் சண்டையில் பிரிந்தார்கள். தம்பி தன் செல்லப் பெயர் 'ஆடி'யையும் 'டாஸ்'ஸையும் ஒட்டி 1949-இல் அடிடாஸைப் பதிவு செய்தார். அண்ணனும் அதே கணக்கில் 'ருடா' என்று ஆரம்பித்தார். அது வாயில் நிற்கவில்லை போலும், பூமா என்று மாற்றிவிட்டார். இருவர் கம்பெனியும் அந்த ஒரே ஊரில்தான். ஊர்க்காரர்கள் எதிரே வருகிறவரின் முகத்துக்கு முன்னால் காலைப் பார்ப்பார்களாம், எந்தக் கட்சி என்று தெரிந்துகொள்ள. பாட்டாவும் இப்படித்தான், நம்மில் பலர் அதை உள்ளூர்ச் சரக்கு என்றே நினைக்கிறோம், அது 1894-இல் இன்றைய செக் நாட்டின் ஸ்லின் நகரத்தில் தோமாஷ் பாட்டா தன் அண்ணன், அக்காவோடு தொடங்கியது.

நம் ஊர்ப் பழக்கத்தில் பெயர் வேறு மாதிரி வேலை செய்கிறது. இங்கே கடைக்குத்தான் ஆள் பெயர்: நல்லி, போத்தீஸ், எல்லாம் குடும்பப் பெயர்கள். ராம்ராஜில் ராமசாமி அப்பா, நாகராஜன் மகன். இரண்டையும் வெட்டி ஒட்டியது. பொருளுக்கு ஆள் பெயர் வைத்தால் அது நாம் கொண்டாடுகிறவர் பெயராக இருக்கும். காஞ்சிபுரத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக முத்துச் செட்டியார் நெய்த நீலம் 'எம்.எஸ். ப்ளூ' ஆனது. கடைக்காரரிடம் அந்த இரண்டு வார்த்தை சொன்னால் போதும், சரியான கட்டை இறக்கிப் போடுவார். 1985-க்குப் பிறகு நதியா வளையல், நதியா கம்மல் என்று கொஞ்ச நாள் ஊரே அலைந்தது. அந்த வருடங்களில் பிறந்த பெண் குழந்தைகளுக்கும் நதியா என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் யாராவது திருவிழாக் கடையில் நின்று "எனக்கு ஒரு நதியா கம்மல்" என்று கேட்டிருப்பார்கள்தானே? உங்களுக்கு முன்னோடி அவர்கள்.

ஆண்கள் சட்டைப் பக்கம் பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். லூயி பிலிப் என்பவர் 1830 முதல் 1848 வரை பிரான்சை ஆண்ட ராஜா. அவர் பெயரில் இங்கே சட்டை விற்றது மதுரா கோட்ஸின் ஆடைப் பிரிவு, அதாவது நம்ம மதுரை நூல் ஆலைக்காரர்கள். பிறகு அது ஆதித்ய பிர்லா குழுமத்துக்குப் போனது. பிரெஞ்சு ராஜாவும் மதுரையும் ஒரே காலரில். என் மைத்துனர் பெயர் ரேமண்ட். அவர் கல்யாணத்துக்குக் கோட்டுத் துணி எடுக்கப் போனபோது பில் போடுகிறவர் பெயர் கேட்டார். இவர் "ரேமண்ட்" என்றார். "துணி தெரியுது சார், உங்க பேரு?" இந்த உரையாடல் மூன்று முறை சுற்றியது. கடைசியில் லைசென்ஸை எடுத்துக் காட்டினார்.

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன கதை. என் மனைவி பெயர் ஸ்டெல்லா. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 'ஸ்டெல்லா' என்று ஒரு கறுப்பு பம்ப் ஷூ ஓடியது. ஆட்டுத்தோல், உள்ளே பால் நிற லைனிங், இரண்டு அங்குலக் குதிகால், முன்னால் மெலிசாக ஒரு வில் முடிச்சு. நல்ல வேலைப்பாடு. திருமண நாளுக்குக் கொடுக்கலாம் என்று சாம்பிள் அறையில் மிச்சமிருந்த ஒரு ஜோடியை முறையாகக் கேட்டு வாங்கி, பெட்டியோடு கொண்டுபோனேன். பெட்டி ஓரத்தில் பெரிய எழுத்தில் அவள் பெயர். அவள் அதைத் தடவிப் பார்த்தாள், குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்புறம் காலை நுழைத்தாள். விரல்கள் போயின, பாதம் போகவில்லை.

பெண்கள் ஷூவில் சாம்பிள் எப்போதும் 37 சைஸில்தான் செய்வோம். அவள் கால் 39. இருபது வருடம் ஊருக்கெல்லாம் ஷூ அளவு சரிபார்த்தவனுக்கு வீட்டுக் காலின் அளவு தெரியவில்லை. "பேரு எனக்கு, செருப்பு வேற எவளுக்கோ" என்றாள். அந்தப் பெட்டி இன்னும் பீரோ மேலே இருக்கிறது. யாராவது வந்தால் பேச்சுக்கு எடுத்துவிடுவாள்.

37-க்கும் 39-க்கும் நடுவே எவ்வளவு என்கிறீர்களா? ஐரோப்பிய அளவில் ஒரு சைஸ் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு சைஸுக்குச் சுமார் 13 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல் அகலம். இன்னொன்றும் கவனியுங்கள்: 37 என்பது உங்கள் கால் நீளம் இல்லை. லாஸ்ட் என்று சொல்கிற கால் வடிவக் கட்டையின் நீளம், சுமார் 24.7 சென்டிமீட்டர். அதன் மேல் தோலை இழுத்துப் பிடித்துத்தான் ஷூ உருவாகிறது. உங்கள் கால் அதைவிடக் குட்டையாக இருந்தால்தான் விரல் நுனியில் இடம் கிடைக்கும்.

அதனால் பெயரை விட்டு லாஸ்டைப் பிடியுங்கள் என்பேன். நான் பார்த்த பல கம்பெனிகளில் ஒரே லாஸ்டில் நாலைந்து மாடல் போகும்: தாரா, அதே லாஸ்டில் வார் வைத்த நோரா, அதே லாஸ்டில் முன்பக்கம் மூடிய கிளாரா. ஒன்று உங்களுக்குச் சரியாக உட்கார்ந்தால் மற்றவையும் பெரும்பாலும் உட்காரும். ஒன்று கடித்தால் எல்லாம் கடிக்கும். பெயர் ஒரே சீசனில் மாறிவிடும், லாஸ்ட் வருடக்கணக்கில் ஓடும். அடுத்த வருடம் அதே கம்பெனி 'தாரா' என்ற பெயரைச் சுத்தமாக வேறொரு செருப்புக்கு வைக்கவும் கூடும், நடந்திருக்கிறது.

நம் காலுக்கு இன்னொரு சங்கடம், அகலம். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இந்தியக் கால்களுக்கென்று தனி அளவு முறை உருவாக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. 'பா' என்று அந்த முறைக்குப் பெயர், பாரதத்தின் முதல் எழுத்து. அதில் தெரிந்தது, பொதுவாக நம் பாதங்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலம். நாம் இத்தனை வருடம் நீளத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்கி அகலத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் குதிகால் சறுக்குகிறது. ஐரோப்பியத் தளங்கள் சிலவற்றில் அகலத்துக்கு ஜி, எச் என்று எழுத்துப் போட்டிருப்பார்கள். எழுத்து ஏற ஏற அகலம் கூடும். உங்கள் செருப்பின் பக்கத்தில் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

காசு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி சேரும், திருப்பி அனுப்புகிற செலவு பெரும்பாலும் உங்கள் தலையில். இன்னொன்று, பெயர் போட்ட டி-சட்டை விளம்பரங்கள். "இது தாரா சமாச்சாரம், உனக்குப் புரியாது" என்கிற மாதிரி வாசகத்தோடு உங்கள் திரையில் வந்திருக்கும். உங்களை நினைத்து யாரும் அதை வரையவில்லை. ஒரே வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒரு புரோகிராம் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. நீங்கள் காசு கட்டின பிறகுதான் சட்டையே அச்சாகும். 2013-இல் இப்படி வார்த்தைகளைத் தானாகச் சேர்த்த ஒரு புரோகிராம் பெண்களைப் பற்றிக் கேவலமான வாசகங்களை அமேசானில் விற்பனைக்குப் போட்டு உலகமெல்லாம் நாறியது. அந்தப் பக்கம் போகாதீர்கள். பெயர் பொறித்த சாமானை எவனும் திருப்பி எடுக்கவும் மாட்டான்.

ரவிக்கை விஷயம். தாராளமாக உங்கள் பெயரில் விற்கலாம். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, ஒருவர் நேர்மையாகத் தன் சொந்தப் பெயரைத் தொழிலில் பயன்படுத்துவதைப் பாதுகாக்கிறது. 'நேர்மையாக' என்பதுதான் அங்கே பாரம் தாங்குகிற சொல். ஏற்கெனவே தாரா என்று பிரபலமான உடை பிராண்டு இருந்து, அதே மாதிரி எழுத்து, அதே மாதிரி லேபிள் என்று நீங்கள் போனால் 'என் பெயர்தான் சார்' என்பது எடுபடாது. வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையதளத்தில் 25-ஆம் வகுப்பில் தேடிப்பாருங்கள், உடை, காலணி, தொப்பி எல்லாம் அதில்தான் வரும். தேடக் காசு இல்லை. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க வகுப்புக்கு 4,500 ரூபாய். வெறும் 'தாரா' என்று கேட்பதைவிட ஊரையோ இன்னொரு சொல்லையோ சேர்த்து, கூட ஒரு படம் வைத்தால் கிடைப்பது சுலபம்.

ஒன்றே ஒன்று நினைவில் இருக்கட்டும். தொழில் வளர்ந்து யாராவது விலைக்குக் கேட்டால், விற்கும்போது பெயரும் சேர்ந்து போய்விடும். கேட் ஸ்பேட் என்ற கைப்பைக் கம்பெனியை 1993-இல் நியூயார்க்கில் தொடங்கியவர் பெயர் கேத்தரின் பிராஸ்னஹன். தன் செல்லப் பெயரோடு பிறகு கணவரான ஆண்டி ஸ்பேடின் பெயரைச் சேர்த்து வைத்தார்; அப்போது கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. கம்பெனியை விற்றார், 2007-இல் வெளியேறினார். மறுபடி ஷூவும் பையும் செய்ய வந்தபோது அவருடைய பெயர் அவருடையதாக இல்லை. 'பிரான்சஸ் வாலன்டைன்' என்று வேறு பெயரில் கடை போட்டு, தன் பெயரிலேயே வாலன்டைன் என்பதைச் சட்டப்படி சேர்த்துக்கொண்டார். உங்களுக்கு இப்போது ரவிக்கை நாலு தெருவைத் தாண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அவசரம் இல்லை.

செருப்புக்கு வருவோம். வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், அளவு சரியாக இருந்தால். இன்று சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளில் நின்று வரையுங்கள். உட்கார்ந்துகொண்டு வரையாதீர்கள். பென்சில் செங்குத்தாக இருக்கட்டும். இரண்டு காலும் வரைந்து, எது பெரிதோ அதன் நீளத்தையும், பெருவிரல் எலும்பு புடைக்கிற இடத்தில் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்து அனுப்புங்கள். கூடவே அந்தச் செருப்பைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த படமும் வேண்டும். லாஸ்ட் குறுகலா அகலமா என்று படத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவேன். ஸ்டெல்லாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள், உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து அவளுக்கு உங்கள் மேல் தனிப் பிரியம்.